மூடுபனி விலகியபோது தெரிந்த ஊர்: புதுப்பிக்கப்படும் பழைய விளையாட்டுகளைப் பற்றி

இழையைத் தொடங்கியவர்: கடைசி உயிர்

கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ (ஜிடிஏ) தொடரில் 2004-இல் வெளியான சான் ஆண்ட்ரியாஸ் என்ற வீடியோ விளையாட்டை நான் முதலில் ஆடியது ஒரு பிரவுசிங் சென்டரில். நாம் விட்டுச்சென்ற சேவின் (பதிந்துவைத்த ஆட்டத்தின்) மீது அடுத்து வருபவர் தம்முடைய ஆட்டத்தைப் பதிந்துவிடுவார் என்பதால், மிஷன்களில் முன்னேறிப் பயனில்லை. ஆகவே கிடைத்த ஒரு மணி நேரத்தையும் ஊர் சுற்றுவதிலேயே செலவிடுவேன். அப்படிச் சுற்றும்போது அடிக்கடி ஏறிய இடம் சிலியாட் மலை. உச்சியில் நின்று பார்த்தால் கீழே காடு தெரியும்; காட்டுக்கு அப்பால் ஆரஞ்சும் சாம்பலும் கலந்த ஒரு மங்கல் தெரியும்; அதற்கும் அப்பால் ஒன்றும் தெரியாது. அந்த மங்கலுக்குப் பின்னால் ஒரு நாடே பரந்து கிடப்பதாக அந்த வயதில் நம்பினேன்.

2021 நவம்பரில் ஜிடிஏ 3, வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் ஆகிய மூன்றையும் சேர்த்து 'டெஃபினிட்டிவ் எடிஷன்' என்று வெளியிட்டார்கள். வாங்கியதும் கதையைத் தொடங்கக்கூடப் பொறுமையில்லாமல் அதே மலைக்குப் போனேன். மங்கலைக் காணவில்லை. லாஸ் சாண்டோஸ், சான் ஃபியரோ, லாஸ் வென்சுராஸ் ஆகிய மூன்று பெருநகரங்களும் ஒரே பார்வையில், கொலுப்படியில் வைத்த பொம்மை ஊர்களைப் போல அடுத்தடுத்து நின்றன. அந்த வரைபடம் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டருக்கு ஆறு கிலோமீட்டர் மட்டுமே என்பதை எங்கோ படித்திருக்கிறேன். ஆனால் அதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

மூல ஆட்டம் முதலில் வந்த கருவியான பிளேஸ்டேஷன் 2-இன் முதன்மை நினைவகம் 32 எம்பி. அந்தச் சிறு இடத்துக்குள் மூன்று நகரங்களையும் பாலைவனத்தையும் காட்டையும் ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியாது. ஆட்டக்காரர் நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் வட்டிலிருந்து எடுத்துக் காட்டி, தொலைவில் இருப்பதை மங்கலால் மூடிவிட்டார்கள். கருவியின் ஏழ்மையை மறைக்கப் போட்ட அந்தத் திரை, ஊரைப் பெரிதாகவும் காட்டியது. புதுப்பித்தவர்கள் கையில் இருந்தவையோ பல மடங்கு ஆற்றல் கொண்ட கருவிகள். திரை இனித் தேவையில்லை என்று கழற்றிவிட்டார்கள்.

இதே தொகுப்பில் இதைவிடச் சிறிய, ஆனால் இதைவிட வருத்தமான ஒரு பிழையும் உண்டு. ஒரு டோனட் கடையின் பெயர்ப்பலகைக்கு மேலே, கடையின் பெயரில் இருக்கும் சொல்விளையாட்டுக்காக, போல்ட்டில் மாட்டும் ஆறு முனை நட்டு ஒன்றை மூல வடிவத்தில் வைத்திருந்தார்கள். புதிய பதிப்பில் அதன் முனைகள் மழுங்கி வெறும் வளையமாகிவிட்டன. முனைகள் குறைவாக இருப்பது பழைய கருவியின் குறை என்று எடுத்துக்கொண்டு வழுவழுப்பாக்கிய கைக்கு, அங்கே ஒரு நகைச்சுவை இருந்ததே தெரியவில்லை.

இதற்கு நேர்மாறாக சைலண்ட் ஹில் என்ற திகில் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1999-இல் முதல் பாகத்தில் மூடுபனி வந்ததற்கும் காரணம் பிளேஸ்டேஷனின் எல்லைதான். ஆனால் 2001-இல் இரண்டாம் பாகம் அதைவிட வலுவான கருவிக்கு வந்தபோதும் பனியை விடவில்லை. அதற்குள் அது அந்த ஊரின் இயல்பாகவே ஆகியிருந்தது. 2024 அக்டோபரில் போலந்தைச் சேர்ந்த புளூபர் டீம் அதை முற்றிலும் புதிதாகச் செய்தபோது, பனியை மேலும் அடர்த்தியாக்கவே தம் ஆற்றலைச் செலவிட்டார்கள்.

என் எண்ணம் இதுதான்: பழைய விளையாட்டின் அழகில் பெரும்பகுதி அதன் போதாமையிலிருந்து பிறந்தது. புதுப்பிக்க வருபவர் முதலில் பட்டியலிட வேண்டியது அந்தப் போதாமைகளை. ஒவ்வொன்றும் எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பதை அறிந்த பிறகே கைவைக்க வேண்டும். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


மறுமொழி: வூட்ஸ் எஃகு

கடைசி உயிர் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் சொன்னதோடு எனக்குப் பெரிய முரண்பாடு இல்லை. ஆனால் எது எதைத் தாங்கியது என்று அந்தப் பட்டியலைப் போடத் தெரிந்தவர் யார் என்ற கேள்வியை நீங்கள் தொடவில்லை. என்னைப் பொறுத்தவரை அதற்குரிய விடை, ஊரைக் கட்டிப் படை திரட்டிப் போரிடும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற ஆட்டத்தில் இருக்கிறது.

1999-இல் அதை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டுடியோஸ் 2009-இல் மூடப்பட்டுவிட்டது. உரிமையைக் கையில் வைத்திருந்த மைக்ரோசாஃப்ட்டுக்கு அப்போது அந்தத் தொடரில் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஆடுபவர்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் ஒரு கூட்டம், யாரும் கேட்காமலேயே, தாமாகப் புதிய நாகரிகங்களைச் சேர்த்து 'ஃபர்காட்டன் எம்பயர்ஸ்' என்ற மாட் (ரசிகர்கள் செய்யும் மாற்றுவடிவம்) ஒன்றைச் செய்தது. 2013-இல் எச்டி பதிப்பு வந்தபோது அதே மாட், அதே ஆண்டிலேயே, அதிகாரபூர்வ விரிவாக்கமாக ஏற்கப்பட்டது. ரசிகர்களாக இருந்தவர்கள் அதே பெயரில் ஒரு நிறுவனமாகி, 2019-இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷனின் முதன்மை உருவாக்குநர்களும் ஆனார்கள்.

அவர்கள் எதை மாற்றினார்கள், எதை மாற்றவில்லை என்பதைக் கவனித்தால் உங்கள் பட்டியல் தானாகவே கிடைத்துவிடும். பழைய ஆட்டத்தில் வயல்கள் தீர்ந்துபோனால் ஒவ்வொன்றாகத் தேடிப்போய் மீண்டும் விதைக்க வேண்டும். போரின் நடுவில் இது பெரும் தொல்லை. புதிய பதிப்பில் வயல்கள் தாமாகவே விதைத்துக்கொள்ளும். ஆனால் ஆட்டத்தின் தொடக்கத்தில் காட்டுப்பன்றியைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரு கிராமவாசியை அனுப்பி அம்பெய்து சீண்டி, அது துரத்திவரும்போது நகர மையத்துக்கு இழுத்துவந்து வீழ்த்த வேண்டிய வேலை இருக்கிறதே, அதை அவர்கள் தொடவே இல்லை. கணக்கு சற்றுத் தவறினாலும் ஆள் செத்துவிடுவார். முதல் ஐந்து நிமிடத்திலேயே ஆட்டம் சாய்ந்துவிடும். வெளியிலிருந்து வந்த ஒருவருக்கு இரண்டும் ஒரே மாதிரித் தொல்லைகளாகத்தான் தெரியும். இரண்டில் முதலாவது சலிப்பு, இரண்டாவது திறமை என்பது ஆயிரம் முறை பன்றியிடம் ஆளைப் பறிகொடுத்தவர்களுக்கே தெரியும்.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு. 2013 விரிவாக்கத்தில் 'இந்தியர்கள்' என்ற ஒரே நாகரிகமாக மொத்தத் துணைக்கண்டத்தையும் அடக்கியிருந்தார்கள். 2022 ஏப்ரலில் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' அதைப் பிரித்து இந்துஸ்தானியர், கூர்ஜரர், வங்காளியர், திராவிடர் என நான்காக்கியது. திராவிடர் நாகரிகத்தின் வீரர்களும் கிராமவாசிகளும் தமிழில் மறுமொழி சொல்கிறார்கள். முதல் நாள் விறகு வெட்ட அனுப்பிய ஆள் என்னிடம் தமிழில் பேசியபோது, வேலையை மறந்து அவரையே பத்து முறை சொடுக்கிக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலாம் இராசேந்திரனின் படையெடுப்புகளுக்கென்று தனிக் கதைத்தொடரும் இருக்கிறது. நாகரிகத்துக்கு அவர்கள் வைத்த பெயர் சரிதானா என்று வாதிடலாம். சோழர் என்றே வைத்திருக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் விளையாட்டின் இலக்கணத்துக்குள் அவர்கள் காட்டிய நுட்பத்தை மறுக்க முடியாது: குதிரை வளம் குன்றிய தெற்கு என்பதைக் காட்ட நைட் வகைக் குதிரைப்படையையே தரவில்லை, மாறாக யானைகளையும், உருமி என்னும் சுருள்வாளைச் சுழற்றும் வீரர்களையும், எதிரியின் கவசத்தைப் பொருட்படுத்தாமல் வெட்டும் வூட்ஸ் எஃகுத் தொழில்நுட்பத்தையும் தந்தார்கள். என் பயனர்பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

இருபது ஆண்டுப் பழைய ஆட்டத்தில் இத்தனை புதியவற்றை நுழைத்தும் அது இன்னும் அதே ஆட்டமாக இருக்கிறது என்றால், நுழைத்தவர்கள் அதற்குள்ளேயே வளர்ந்தவர்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தெரியவில்லை.


மறுமொழி: மெதுவாக இறங்கும் கோப்பு

இருவருக்கும் மரியாதையுடன் ஒரு மாற்றுக்கருத்து. நான் பிறந்தது 2003-இல். நீங்கள் மங்கலையும் பன்றியையும் பற்றிப் பேசும்போது, உங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி நீங்கள் பேசுவதைப் போல அது எனக்குக் கேட்கிறது. உண்மையாகவே அழகாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த அழகு கட்டடத்தில் இருந்ததா, உங்கள் வயதில் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

1998-இல் காப்காம் நிறுவனம் வெளியிட்ட ரெசிடென்ட் ஈவில் 2 என்ற திகில் ஆட்டத்தை மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் விட்டுவிட்டேன். கேமரா ஓர் அறையின் மூலையில் அசையாமல் நிற்கிறது. நாம் நடந்து அடுத்த கோணத்துக்குள் போனதும் திசையே குழம்பிவிடுகிறது. பாத்திரம் வண்டியைப் போல நின்ற இடத்திலேயே திரும்பித்தான் நடக்க வேண்டும். இதனால்தான் அச்சம் வருகிறது என்பார்கள். எனக்கு வந்தது எரிச்சல். 2019-இல் வந்த ரீமேக் (முற்றிலும் புதிதாகச் செய்த வடிவம்) கேமராவைத் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்தபோதுதான் கதை நடக்கும் காவல் நிலையத்தின் இருட்டு எனக்குப் புரிந்தது. இரண்டாம் இரவு ஒலியைக் குறைத்துவிட்டுத்தான் ஆட முடிந்தது.

அதே நிறுவனம் 2005-இல் வெளியிட்ட நான்காம் பாகத்துக்கு 2023-இல் செய்த ரீமேக் இன்னும் பொருத்தமான எடுத்துக்காட்டு. பழைய ஆட்டத்தில் குறிபார்க்கும்போது கால் நகராது. எதிரிகள் சூழும்போது நின்றுதான் சுட வேண்டும். அந்த இறுக்கமே அந்த ஆட்டத்தின் உயிர் என்று எழுதாதவர்கள் இல்லை. ரீமேக்கில் நடந்துகொண்டே சுடலாம். உங்கள் கணக்குப்படி உயிர் போயிருக்க வேண்டும், போகவில்லை. ஏனென்றால் எதிரிகளை விரைவாக்கினார்கள். கத்தியால் தாக்குதலைத் தடுக்கும் வசதியைத் தந்துவிட்டு, அந்தக் கத்தி தேய்ந்து உடையும்படியும் செய்தார்கள். ஓரிடத்தில் எடுத்த இறுக்கத்தை வேறோரிடத்தில் திருப்பி வைத்துவிட்டார்கள். போதாமைகளைப் பாதுகாக்க வேண்டியதில்லை, கடைசி உயிர் அண்ணா. அவை செய்த வேலையை வேறு எதையாவது கொண்டு செய்துகொள்ளலாம்.

2025 ஏப்ரலில் முன்னறிவிப்பே இல்லாமல் வெளியான, ஆப்ளிவியன் என்ற கற்பனை உலக ஆட்டத்தின் ரீமாஸ்டரில் (மெருகேற்றிய பதிப்பில்) மற்றொரு வழியைப் பார்த்தேன். திரையில் தெரிவதை அன்ரியல் எஞ்சின் 5 என்ற புதிய இயக்க மென்பொருள் வரைகிறது. அடியில் 2006-இன் பழைய எஞ்சினே ஆட்டத்தை நடத்துகிறது. ஆகவே காட்சி புதியது, ஊர்மக்களின் கோமாளித்தனமான உரையாடல்களும் கோளாறுகளும் மட்டும் அப்படியே இருக்கின்றன. மூத்தவர்கள் அதைப் பார்த்து மகிழ்ந்தார்கள். எனக்கு அந்தக் கோளாறுகள் கோளாறுகளாகவே இருந்தன என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.


மறுமொழி: கடைசி உயிர்

தம்பி சொன்ன நான்காம் பாகத்து எடுத்துக்காட்டு என் வாதத்தில் ஓட்டை போட்டுவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். போதாமையைப் பாதுகாப்பது என்பதைவிட, அது செய்த வேலையைப் பாதுகாப்பது என்று திருத்திக்கொள்கிறேன். சான் ஆண்ட்ரியாஸில் மங்கலை எடுத்தவர்கள், ஊரைப் பெரிதாகக் காட்டும் வேலைக்கு வேறு ஏற்பாடு எதையும் செய்யவில்லை என்பதே குறை.

பள்ளிக்கூட உவமைக்கு மட்டும் ஒரு பதில். பழைய கட்டடம் அழகா இல்லையா என்பதை நீங்களே போய்ப் பார்த்து முடிவுசெய்ய வேண்டுமானால், முதலில் அது இடிக்கப்படாமல் இருக்க வேண்டும். நீங்கள் 1998 பதிப்பைத் தொடங்கிப் பார்த்து, பிடிக்காமல் விட்டீர்கள். அந்த உரிமை எல்லா விளையாட்டுக்கும் கிடைப்பதில்லை. மேலே சொன்ன ஜிடிஏ தொகுப்பு வருவதற்கு முன்பே மூன்று மூலப் பதிப்புகளையும் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். எதிர்ப்பு எழுந்து, மன்னிப்புக் கேட்ட பிறகே கணினிப் பதிப்புகளைத் திரும்ப விற்பனைக்கு வைத்தார்கள். 2020 ஜனவரியில், வார்கிராஃப்ட் 3 என்ற போர் உத்தி ஆட்டத்தின் புதுப்பித்த பதிப்பாக வந்த ரீஃபோர்ஜ்டில் நிலைமை இன்னும் மோசம். புதியதை வாங்காமல் 2002-இன் பழைய ஆட்டத்தையே இணையத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்களும் புதிய நிரலுக்கு மாறும்படி ஆனது. அதுவரை இருந்த சில வசதிகள் அதில் இல்லை. ரசிகர்கள் அமைக்கும் வரைபடங்களின் உரிமை நிறுவனத்துக்கே என்று விதிமுறையிலும் எழுதினார்கள். டோட்டா என்ற பெரும் விளையாட்டு வகையே அந்த வார்கிராஃப்ட் 3-இல் ரசிகர்கள் செய்த ஒரு வரைபடத்திலிருந்து முளைத்தது என்பதை நினைத்தால், அந்த விதி எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமில்லை.

வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. நிறுவனங்களே தம் மூலத்தைப் பேணியதில்லை. 2012-இல் சைலண்ட் ஹில் எச்டி தொகுப்பைச் செய்தவர்களுக்கு இறுதி நிரல் கிடைக்கவில்லை; முடிவுறாத ஒரு நிலையின் நிரலையே கொடுத்தார்கள். மூல ஆட்டத்தில் எப்போதோ சரிசெய்யப்பட்ட பிழைகளை அவர்கள் இரண்டாம் முறை சரிசெய்ய வேண்டியிருந்தது; பனியும் மெலிந்துபோனது. இதற்கு எதிர்த்திசையில், பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் ரூன்ஸ்கேப்பைச் சொல்லலாம். 2007 ஆகஸ்டில் எடுத்துவைத்த ஒரு காப்புப்பிரதி கைவசம் இருந்ததால், 2013-இல் ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுத்து அந்தப் பழைய உலகத்தையே மீண்டும் திறந்துவிட்டார்கள். அதன்பின் எதைச் சேர்ப்பதாக இருந்தாலும் ஆடுபவர்கள் வாக்களித்து ஏற்க வேண்டும் என்றும், 75 விழுக்காடு ஆதரவு வேண்டும் என்றும் விதி வைத்தார்கள். பிற்பாடு அதை 70 ஆகக் குறைத்தார்கள். வூட்ஸ் எஃகு கேட்ட 'யார் தீர்மானிப்பது' என்ற கேள்விக்கு இதுவும் ஒரு விடை.


மறுமொழி: மஞ்சள் தொப்பி

நீங்கள் எல்லோரும் புதுப்பிக்கப்பட்டவற்றைப் பற்றியே பேசுகிறீர்கள். புதுப்பிக்கப்படவே முடியாத ஒன்றைப் பற்றி நான் எழுத வேண்டும்.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மரப்பெட்டிக்குள் தொலைக்காட்சியை வைத்த நான்கு இயந்திரங்களோடு ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. அங்கே 'முஸ்தபா' என்றால் எல்லோருக்கும் தெரியும். காப்காம் 1993-இல் வெளியிட்ட 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்பது அதன் உண்மையான பெயர் என்பதை நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அறிந்தேன். நான்கு பாத்திரங்களில் மஞ்சள் தொப்பி அணிந்த முஸ்தபாவைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். அவன் ஓட்டம் வேகம், உதை நீளம். இந்தியாவெங்கும் அந்த ஆட்டத்துக்கு அவன் பெயரே நிலைத்துவிட்டது.

காயின் போட்டு ஆடும் அந்த ஆர்கேட் ஆட்டம் இன்றுவரை எந்த வீட்டுக் கருவிக்கும் அதிகாரபூர்வமாக வரவில்லை. 2018-இல் காப்காம் தன் பழைய அடிதடி ஆட்டங்கள் ஏழைத் தொகுத்து விற்றபோதும் அதில் இது இல்லை. கதையும் பாத்திரங்களும் ஒரு காமிக்ஸ் தொடரிலிருந்து எடுத்தவை. தலைப்பிலேயே ஒரு கார் நிறுவனத்தின் வணிகப்பெயர் இருக்கிறது. இத்தனை பேரின் ஒப்புதலை மறுபடி வாங்கி ஒரு முப்பதாண்டுப் பழைய ஆட்டத்தை விற்பது எவருக்கும் கட்டுப்படியாகும் வேலையாகத் தெரியவில்லை. ஆகவே அதை ஆட வேண்டுமானால், பழைய இயந்திரத்தைப் போலக் கணினியை நடக்கவைக்கும் எமுலேட்டர் ஒன்றே வழி. 1997-இல் தொடங்கிய மேம் என்ற எமுலேட்டர் இல்லையென்றால் நம் தலைமுறையின் பாதி நினைவு ஏற்கெனவே அழிந்திருக்கும். சட்டப்படி அது சரியா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. விற்பவர் ஒருவரும் இல்லாத பொருளை எங்கே போய் வாங்குவது என்ற பதில் கேள்விதான் இருக்கிறது.

ஆனால் கடைசி உயிர் எழுதிய போதாமைப் பேச்சு என்னைத் தொட்டதற்குக் காரணம் வேறு. மேமில் ஐந்தாம் எண் விசையை அழுத்தினால் காயின் விழுந்துவிடும். முதன்முதலில் வீட்டுக் கணினியில் அதை ஏற்றிய அன்று அந்த விசையை விடாமல் அழுத்தினேன். ஒரு மணி நேரத்துக்குள் எட்டு நிலைகளையும் முடித்துவிட்டேன். கடையில் மூன்று ஆண்டுகளில் பார்க்காத இறுதிப் பெரும் எதிரியை அன்று பார்த்தேன். பார்த்ததும் எதுவும் தோன்றவில்லை.

கடையில் ஓர் ஆட்டத்துக்கு ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாய்க்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் ஆட்டம். ஆர்கேட் விளையாட்டின் கடுமையே காயினைப் பறிக்க அமைத்தது; நம் கையில் காயின் இல்லாததால் அது நமக்குப் பயிற்சியாக மாறியது. எந்தப் பீப்பாயை உடைத்தால் உணவு கிடைக்கும், எந்த எதிரியை முதலில் வீழ்த்த வேண்டும் என்பதை அடுத்தவர் ஆடும்போது பின்னால் நின்று பார்த்தே கற்றோம். 'அண்ணா, கறியை எனக்கு விடுங்கள், உயிர் போகப்போகிறது' என்று முன்பின் தெரியாதவரிடம் கெஞ்சியிருக்கிறேன்; அவரும் விட்டிருக்கிறார். கடைக்காரர் ஒருமுறை என் காயினை இயந்திரம் விழுங்கிவிட்டது என்பதை நம்ப மறுத்து வெளியே அனுப்பிய கதையும் உண்டு. அந்த ஒரு ரூபாய் இன்னும் வரவில்லை.

இப்போது எனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறேன்: ஒரு நாளைக்கு ஐந்தாம் விசையை ஒரே ஒரு முறைதான் அழுத்துவேன். நான்காம் நிலை வரை போகிறேன்.


மறுமொழி: மெதுவாக இறங்கும் கோப்பு

மஞ்சள் தொப்பி அவர்களுக்கு: ரீமேக்கை விரும்பும் நானும் இதில் உங்கள் பக்கம்தான். உரிமைச் சிக்கலால் அழியும் ஆட்டங்களோடு, சர்வரை நிறுத்தியதால் அழியும் ஆட்டங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2014-இல் வந்த தி க்ரூ என்ற கார்ப் பந்தயத்தின் சர்வர்கள் 2024 மார்ச் இறுதியில் நிறுத்தப்பட்டன. தனியாக ஆடினாலும் சர்வர் வேண்டும் என்று அமைத்திருந்ததால், காசு கொடுத்து வாங்கியவர்களிடம் மிஞ்சியது திறக்காத ஒரு நிரல். அதன் பிறகு, விற்ற ஆட்டங்களை இப்படி ஆட முடியாமல் ஆக்குவதை எதிர்த்து எழுந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. என் தலைமுறையின் ஆட்டங்களுக்கு மேம் போன்ற ஒன்று எப்படி வரும் என்று எனக்கு விளங்கவில்லை. வட்டிலோ கேசட்டிலோ இல்லாததை எதிலிருந்து படி எடுப்பது?


மறுமொழி: இட்லித் தட்டு

இழை முழுவதும் பழையதைப் பற்றியே போகிறது என்பதால், புதிய வெளியீடுகளைப் பற்றிச் சிறிது.

ஆப்ளிவியன் ரீமாஸ்டர் வந்தது 2025 ஏப்ரல் 22. அதற்கு இரண்டே நாள் கழித்து, 24-ஆம் தேதி, பிரான்சின் மோன்பெலியே நகரிலுள்ள சாண்ட்ஃபால் இன்டராக்டிவ் என்ற புதிய நிறுவனம் 'கிளேர் அப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33' ஆட்டத்தை வெளியிட்டது. முன்னது ஒரு பழைய ஆட்டத்தின் பெயரையும் உடலையும் கொண்டுவந்தது. பின்னது பெயர், கதை எதையும் எடுக்காமல், முறைவைத்து மோதும் பழைய ஜப்பானிய ஆட்டங்களின் இலக்கணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, எதிரியின் முறையிலும் நாம் சரியான கணத்தில் விசையை அழுத்தித் தடுக்க வேண்டும் என்ற ஒன்றைச் சேர்த்தது. நம் முறை முடிந்ததும் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும் பழக்கம் அதனால் போய்விட்டது. ஒரு பழைய ஆட்டத்துக்கு மறுவாழ்வு தர ரீமேக்கே தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று அந்த ஆண்டில் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில் ஒரே ஒருவர் உருவாக்கிய பலாட்ரோ என்ற சீட்டாட்டத்தைப் பாருங்கள்: பழைய குழாய்த் தொலைக்காட்சியின் கோடுகளையும் வளைவையும் வேண்டுமென்றே திரையில் வரைந்திருக்கிறார். மங்கலை எடுத்தவர்களும் இருக்கிறார்கள், இல்லாத மங்கலைப் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

'வெண்பா' என்ற ஆட்டத்தை இங்கே யாரும் குறிப்பிடாதது வியப்பு. டொராண்டோவிலுள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. மறு ஆண்டில், சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐஜிஎஃப் விழாவின் பெருமுதற்பரிசும், அறிமுகப் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதும் பெற்றது. 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம். கதைநாயகி வெண்பாவுக்குத் தன் தாயிடமிருந்து வந்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. மிச்சமிருக்கும் வரிகளையும் படங்களையும் வைத்து, விடுபட்டதை ஊகித்துச் சமைப்பதே ஆட்டம். தட்டுகளை எப்படி அடுக்கினால் இட்லிக்கு ஆவி சரியாக ஏறும் என்பதைக் குறிப்பு சொல்லாது. ஆடுபவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் மனைவி எந்த விளையாட்டையும் தொடாதவர். நான் திணறுவதைப் பார்த்துக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கையிலிருந்து பிடுங்கி, ஒரே முறையில் வேக வைத்துக் காட்டினார். நீங்கள் பேசும் மறுசீரமைப்பு வேலையைத்தான் அந்த ஆட்டமும் செய்யச் சொல்கிறது என்று எனக்குப் பட்டது: ஏட்டில் இல்லாததைச் சமைத்துப் பழகிய கை நிரப்பிக்கொள்கிறது.


மறுமொழி: கடைசி உயிர்

சமைத்துப் பழகிய கை என்று இட்லித் தட்டு சொன்னதையும் பன்றியிடம் ஆளைப் பறிகொடுத்தவர்கள் என்று வூட்ஸ் எஃகு சொன்னதையும் சேர்த்துப் படித்த பிறகு, எனக்கு எழுத அதிகம் மிச்சமில்லை. ஒரு செய்தியை மட்டும் சேர்த்துவிடுகிறேன்.

சான் ஆண்ட்ரியாஸின் டெஃபினிட்டிவ் எடிஷனுக்கு 2024 நவம்பரில் ஒரு பெரிய திருத்தம் வந்தது. பழைய ஒளியமைப்பையும் வானத்தின் நிறத்தையும் திரும்பக் கொண்டுவரும் 'கிளாசிக் லைட்டிங்' என்ற தேர்வு அதில் இருந்தது. கைபேசிப் பதிப்பில் அது 2023 டிசம்பரிலேயே வந்துவிட்டது. நேற்று இரவு அதை இயக்கிவிட்டு, மாலை நேரமாகப் பார்த்து, சைக்கிளில் சிலியாட் மலைக்கு ஏறினேன். ஆரஞ்சு நிறம் வந்துவிட்டது. காட்டுக்கு அப்பால் மங்கலும் வந்துவிட்டது. சற்று நேரம் நின்றேன். ஆனால் லாஸ் வென்சுராஸ் எந்தத் திசையில், எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது இப்போது எனக்குத் தெரியும். என்னை அறியாமலேயே கேமரா அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது.

வூட்ஸ் எஃகு அவர்களே, உங்கள் ஞாயிறு இரவு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆட்டத்தில் ஓர் இடம் இருந்தால் எனக்கு ஒதுக்கிவையுங்கள். நான் கடைசியாக ஆடியது எச்டி பதிப்பில்.


மறுமொழி: வூட்ஸ் எஃகு

இடம் இருக்கிறது, பத்து மணிக்குத் தொடங்குகிறோம். மெதுவாக இறங்கும் கோப்பும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வயலைப் பற்றி இருவரும் கவலைப்பட வேண்டாம். பன்றியை மட்டும் அவரவரே இழுத்துவர வேண்டும்.